பழங்கால அங்கியும் பெசாக் துண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு மலரில், பள்ளி நாடகங்களுக்கும் திருவிழா மேடைகளுக்கும் வேண்டிய வரலாற்று உடைகளைச் சிக்கனமாகத் தைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. வாடகைக்கு உடை எடுத்துக் கட்டுப்படியாகாமல் திண்டாடும் தோட்டப்புறப் பள்ளிகளுக்கு அப்படி ஒரு கட்டுரை தேவைதான். ஆனால், பழங்காலத்து அங்கிகள் எல்லாம் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை விட்ட சாக்குப்பைகள் போன்றவையே என்றும், உடம்புக்கு ஏற்றபடி துணியை வெட்டும் அறிவு அக்காலத்தவருக்கு இல்லை என்றும், ஆகவே 60 அங்குல அகலமுள்ள பாலியஸ்டர் துணியை இரண்டாக மடித்துத் தோளிலிருந்து கீழ்நோக்கிச் சரிவாக வெட்டி இரு பக்கமும் தைத்துவிட்டாலே போதும் என்றும் அதில் எழுதியிருப்பதை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுங்கை சிப்புட்டில் தையல் தொழில் செய்துவரும் நான் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த முறையில் தைத்தால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். துணியின் நீளவாட்டத்தில் ஓடும் பாவு நூலையோ குறுக்கே ஓடும் ஊடை நூலையோ பிடித்து இழுத்தால் துணி அதிகம் நீளாது. இரண்டுக்கும் இடையே மூலைவாட்டமாக, நாங்கள் கிராஸ் என்று சொல்கிற திசையில் இழுத்தால்தான் நீளும். தோளிலிருந்து சரிவாக வெட்டிய துணியின் இரு ஓரங்களும் கிராஸ் கலந்த ஓரங்கள். அப்படிப்பட்ட இரண்டு ஓரங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கும்போது, தாங்கிப் பிடிக்க நேர்நூல் எந்தப் பக்கத்திலும் இல்லாததால், நாலு நாளில் தையல் தொய்ந்து நெளிநெளியாகி, பக்கங்களில் கீழ்மடிப்பு இறங்கியும் முன்னும் பின்னும் ஏறியும் நிற்கும். அதைவிடப் பெரிய குறை, உடையின் விரிவு முழுவதும் இடுப்பின் இரு பக்கங்களுக்குப் போய்விட, வயிற்றுப் பக்கமும் முதுகுப் பக்கமும் பலகை போலத் தட்டையாக விழுவதாகும். அதை அணிந்த பிள்ளை மேடையில் எட்டி அடி வைத்தால் முன்துணி முழங்காலில் தடுக்கும். ராஜநடை போட வேண்டியவன், பள்ளி விளையாட்டுப் போட்டியில் சாக்கு ஓட்டம் ஓடுகிறவனைப் போலத் தத்தித் தத்திப் போவான். சாக்குப்பை என்ற பெயர் பொருந்துவது இந்த உடைக்கே தவிர, பழைய அங்கிக்கு அல்ல.

கையால் நூற்றுக் கைத்தறியில் நெய்த காலத்தில், தையலைவிடத் துணியில்தான் உழைப்பு அதிகமாக முடங்கிக் கிடந்தது. அந்தத் துணியை வளைத்து வளைத்து வெட்டிக் கழிவாக வீசுவதற்கு யாருக்கும் மனம் வந்திருக்காது. எனவே உடம்புக்கு ஒரு நீண்ட சதுரம், கைகளுக்கு இரண்டு துண்டு, கக்கத்துக்குச் சிறு சதுரங்கள், விரிவுக்கு முக்கோணங்கள் என்று, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் நேர்க்கோட்டில் வெட்டினார்கள். விரிவு கொடுக்கும் அந்த முக்கோணத் துண்டுகளே அங்கியின் உயிர். அவற்றை எந்த இடத்தில், எந்த உயரத்தில் நுழைக்கிறோம் என்பதைப் பொறுத்தே துணி விழும் அழகு அமையும். சேலைக்குள் அணியும் ஆறு பீஸ் பாவாடையை நம் பெண்கள் எல்லாரும் அறிவார்கள்; இடுப்பில் குறுகிக் கீழே அகலும் அந்த ஆறு துண்டுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சுருக்கு வைக்காமலே நடக்க இடம் தருவதால்தான் அதன் மேல் சேலைக் கொசுவம் படிந்து நிற்கிறது.

எனக்கு இந்தக் கணக்கைக் கற்றுத் தந்தது எந்த வகுப்பும் அல்ல. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், பால்மரக்காட்டு வேலை முடிந்து வந்து லயத்து வாசலில் கைமிஷின் ஓட்டிய என் அம்மாவுக்கு, ஹரிராயாப் பெருநாளுக்கு முந்திய மாதத்தில், மலாய்ப் பெண்கள் அணியும் பாஜு கூரோங் என்ற நீண்ட உடுப்பைத் தைக்கும் வேலை மலாய்க் கம்பத்திலிருந்து வரும். அம்மாவின் முதல் உருப்படியைப் பிரித்துப் போட்டுவிட்டு, பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மக்சிக், அதாவது வயதில் மூத்த மலாய்ப் பெண் ஒருவர், தரையில் உட்கார்ந்து மறுபடி வெட்டிக் காட்டியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் தோளில் தையல் இல்லாமல் ஒரே துணி. பக்கவாட்டில் கக்கத்திலிருந்து கீழ்வரை அகன்றுகொண்டே போகும், பெசாக் என்னும் விரிவுத் துண்டு. கையும் உடம்பும் பெசாக்கும் சந்திக்கும் கக்கத்தில் கெக்கெக் என்னும் சிறு சதுரம், அதுவும் மூலைவாட்டமாக மடிந்து உட்கார வேண்டும். கெக்கெக் இல்லாமல் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினால், உடுப்பு முழுவதும் கையோடு சேர்ந்து மேலே ஏறிவிடும். அந்தச் சதுரம் இருந்தால் கை மட்டும் ஏறும், கீழ்மடிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போது கடைகளில் தொங்கும் நவீன பாஜு கூரோங் பலவற்றில் பெசாக்கும் இல்லை, கெக்கெக்கும் இல்லை. கை வைக்கும் இடத்தை வளைத்து வெட்டி, இடுப்பில் டார்ட் என்னும் ஒடுக்குத் தையல் பிடித்துவிடுகிறார்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை, அது வேறு உடை. ஆனால் பழைய முறையில் தைத்த ஒன்றை வைத்திருக்கும் வீடு இந்த நாட்டில் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, அதன் தையலைத் திருப்பிப் பார்த்திருந்தாலே கட்டுரையாளர் சாக்குப்பை என்று எழுதியிருக்க மாட்டார்.

ஐரோப்பாவிலிருந்து கிடைத்த சான்றுகளும் இதையே சொல்கின்றன. கிரீன்லாந்தின் தென்முனையில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தில், 1921ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த பவுல் நோர்லுன்ட் ஒரு பழைய இடுகாட்டை அகழ்ந்தார். வட ஐரோப்பாவிலிருந்து வந்து அங்கே குடியேறியிருந்த நோர்ஸ் மக்கள், இறந்தவர்களில் பலரைப் பெட்டியில் வைக்காமல் உடைகளிலேயே சுற்றிப் புதைத்திருந்தார்கள். உறைந்த மண் அந்தக் கம்பளி அங்கிகளை அழியாமல் காத்து வைத்திருந்தது. செடிகளின் வேர்கள் துணிக்குள் ஊடுருவிப் பின்னிக் கிடந்தன. இன்று கோப்பன்ஹேகனில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த அங்கிகளின் வெட்டு வரைபடங்களைப் பார்த்தால், பக்கங்களில் மட்டுமல்லாமல் முன்நடுவிலும் பின்நடுவிலும் முக்கோணங்கள் நுழைக்கப்பட்டிருப்பது தெரியும். 1936இல் சுவீடனின் வார்பெர்க் நகருக்கு அருகே, போக்ஸ்டென் சதுப்பில் ஒரு மனிதனின் உடல் முழு உடையோடு கிடைத்தது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவனுடைய கம்பளி அங்கியிலும் இதே ஏற்பாடு இருந்தது. அவன் மன்னனோ பிரபுவோ என்று நான் சொல்ல வரவில்லை. நடக்கவும் குனியவும் குதிரை ஏறவும் வேண்டியிருந்த ஓர் ஆளுக்கு யாரோ அளவெடுத்துத் தைத்த உடை அது என்பது மட்டும் தையல் தெரிந்த எவருக்கும் விளங்கும். நம் பக்கத்தில், மதுராவுக்கு அருகே மாட் என்னும் ஊரில் 1911இல் கிடைத்த, குஷாண மன்னர் கனிஷ்கரின் தலையில்லாத சிலையையும் இங்கே நினைக்கலாம். பெரிய காலணிகளோடு நிற்கும் அந்த மன்னரின் அங்கி கீழே கூடாரம் போல விரிந்திருப்பது குதிரை ஏறி வந்த கூட்டத்தின் உடைக்கு அடையாளம். வட இந்தியத் தையற்காரர்கள் இன்றும் குர்தாவில் வைக்கும் முக்கோணத்தைக் கலி என்கிறார்கள். மொட்டு என்று பொருள். தலைகீழாகத் தொங்கும் மொட்டு என்று நினைத்துக்கொண்டால் வடிவம் மறக்காது.

ஆனால் எல்லாப் பழைய அங்கிக்கும் பெசாக் வைத்துவிடலாமா என்றால், கூடாது. முல்லைப்பாட்டில் வரும் ‘மெய்ப்பை புக்க’, அதாவது அங்கி அணிந்த, யவனக் காவலரை (கிரேக்க, ரோம நாட்டவரை) மேடையேற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரோமர்களின் அங்கி முக்கோணம் வைத்த அங்கி அல்ல. அகலமான தறியில் கையும் உடம்புமாக ஒரே துணியாக, கழுத்துக்கு ஒரு பிளவு விட்டே நெய்து, தறியிலிருந்து எடுத்ததும் தோளில் மடித்துப் பக்கங்களை மட்டும் தைத்த அங்கிகள் எகிப்தின் உலர்ந்த மணலிலிருந்து நிறையக் கிடைத்திருக்கின்றன. அங்கே விரிவு தருவது துணியின் அகலம். வடிவம் தருவது இடுப்புக் கச்சை. கச்சையைக் கட்டிவிட்டு மேலே உள்ள துணியைச் சற்று இழுத்துத் தொங்கவிட்டால் மடிப்புகள் தாமாகவே விழும். ஆகவே யவனனுக்குப் பெசாக் வைத்தால் அவன் வேறொரு நாட்டுக்காரனாகிவிடுவான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சோழ மன்னனுக்கு வெல்வெட் அங்கி போடுவது கம்பெனி நாடகக் காலத்திலிருந்து நாம் பழகிக்கொண்ட மேடை வழக்கமே. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரோவியங்களில் பெரியவர்கள் பெரும்பாலும் வெற்று மார்போடு, இடுப்பில் உடுத்த துணியோடும் அணிகளோடும்தான் நிற்கிறார்கள். இதைச் சொன்னால் நாடக ஆசிரியர்கள் என்மேல் வருத்தப்படுவார்கள் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

இனி, பெசாக் வைத்த அங்கியைத் தைக்க நினைப்பவர்களுக்கு என் கடைக் கணக்கைத் தருகிறேன். துணி 36 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒல்லியான ஓர் இளைஞனுக்கு, தோளிலிருந்து முழங்கால் தாண்டி 42 அங்குல நீளத்தில் அங்கி வேண்டும் என்றால், முன்னும் பின்னும் ஒரே துணியாக 84 அங்குலம் எடுத்து, அதில் 20 அங்குல அகலத்தை உடம்புக்கு வெட்டினால் 16 அங்குல அகலத்தில் ஒரு நீளப் பட்டை மிஞ்சும். அந்தப் பட்டையை நீளவாட்டில் 8 அங்குலமாக இரண்டாகப் பிரித்து, 26 அங்குல நீளத்துக்கு ஒன்றாக வெட்டினால் ஆறு துண்டுகள் கிடைக்கும். நான்கை எடுத்து மூலைக்கு மூலை வெட்டினால் எட்டு முக்கோணங்கள். நேர்நூல் ஓரத்தோடு நேர்நூல் ஓரம் சேர இரண்டிரண்டாக இணைத்தால் அடியில் 16 அங்குலம் அகன்ற நான்கு பெசாக். மீதி இரண்டு துண்டுகளில் கக்கத்துச் சதுரங்களை எடுத்துக்கொள்ளலாம். கைகளுக்கு மட்டும் தனியாகத் துணி வேண்டும். முன்நடுவில் ஒன்று, பின்நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று நுழைத்தால், வெறும் 40 அங்குலமாக இருந்திருக்கும் கீழ்ச்சுற்று, தையலுக்குப் போனது போக 92 அங்குலமாகும். வெட்டி எறிய வேண்டிய துணி கைப்பிடி அளவுகூட இராது.

இப்படி வைக்கும்போது பெசாக்கின் கிராஸ் ஓரம் உடம்புத் துணியின் நேர் ஓரத்தோடு சேருவதைக் கவனியுங்கள். நீளத் துடிக்கும் ஓரத்தை நீளாத ஓரம் பிடித்துக்கொள்கிறது. அதனால் தையல் தொய்வதில்லை. தைக்கும்போது கிராஸ் ஓரத்தை மிஷினின் பல்மேல் படும்படி அடியில் வைத்து, நேர் ஓரத்தை மேலே வைத்துத் தைப்பது என் வழக்கம். முதலில் நூலோட்டம் போட்டுக்கொள்ளாமல் நேரே மிஷினுக்குக் கொண்டு போனால், எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் அடியில் ஒரு விரல் அளவு துணி கூடிப்போகும்.

பெசாக்கின் கூர்முனை எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அங்கிருந்துதான் விரிவு தொடங்கும். மேலே சொன்ன அளவில் முனை தோளிலிருந்து 16 அங்குலம் கீழே, அதாவது பெரும்பாலோருக்கு இடுப்பின் அருகே அமையும். அதை நான்கு அங்குலம் இறக்கினால் இடுப்பெலும்பு வரை உடம்போடு ஒட்டி வந்து அதன்பின் மணி போல விரியும். கக்கத்துக்கே ஏற்றினால் உடம்பு முழுவதும் தளர்ந்து துறவியின் அங்கி போலாகும். ஒரே அகலத்தை ஒரு பெரிய பெசாக்காக வைத்தால் அந்த இடத்தில் மட்டும் ஓர் ஆழமான மடிப்பு விழும். அதையே இரண்டு மூன்று சிறு பெசாக்காகப் பிரித்து வைத்தால் மடிப்புகள் சுற்றிலும் பரவும். சேவகனுக்கு முன்னது போதும், அரசிக்குப் பின்னது வேண்டும்.

முன்நடுவில் பிளவு வெட்டிப் பெசாக் நுழைப்பதுதான் கைப்பழக்கத்துக்குச் சோதனை. பிளவின் உச்சியில் தையலுக்கு விடத் துணியே இருக்காது. நூலிழைகள் பிரிந்து வந்துவிடும். பிளவை முழு நீளத்துக்கும் வெட்டிவிடாமல் கடைசி அரை அங்குலத்தை நிறுத்தி வைத்து, உச்சியைச் சுற்றி முன்கூட்டியே ஒரு வரி நெருக்கமாகத் தையல் ஓட்டி, உட்பக்கம் ஒரு சிறு ஒட்டுத்துணி வைத்துப் பிறகு மிச்சத்தை வெட்டுவேன். உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒரு பக்கம், மறுபடி உச்சியிலிருந்து கீழ்நோக்கி மறுபக்கம் என்று தைக்க வேண்டும். கீழிருந்து ஏறி உச்சியில் திருப்பி மறுபக்கம் இறங்கினால் அங்கே நிச்சயம் ஒரு சுருக்கம் விழுந்து, கண்ணாடி முன் நிற்கிறவரின் கண் அங்கேயே போகும். உச்சியில் ஓரிரு அங்குலத்தை மட்டும் ஊசியால் கெட்டித் தையல் போட்டு முடிப்பதற்கு நான் இன்னும் வெட்கப்படுவதில்லை.

மூலைக்கு மூலை வெட்டுவதில் உள்ள ஒரு கண்ணியைச் சொல்ல என் சொந்தத் தவறையே எடுத்துக்காட்டாக வைக்கிறேன். ஒரு துண்டை மூலைவாட்டில் வெட்டினால் கிடைக்கும் இரண்டு முக்கோணங்களும் ஒரே கைப்பக்கம் உள்ளவை. நேர்நூல் ஓரங்களைச் சேர்க்க வேண்டுமானால் ஒன்றைப் புரட்டிப் போட வேண்டும். இருபுறமும் ஒன்று போலிருக்கும் காடாத்துணியில் இது பெரிய காரியமில்லை. அச்சுப் போட்ட துணியில் உட்புறம் வெளியே வந்துவிடும். அதனால் இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்துச் சேர்த்து வெட்ட வேண்டும். இது தெரிந்த நான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் மேடை நாடகத்துக்கு ஈப்போவிலிருந்து சிவப்பு வெல்வெட் வாங்கி வந்து அப்படியே முகத்தோடு முகம் வைத்துத்தான் வெட்டினேன். வெல்வெட்டின் மயிர் ஒரு திசையில் சாய்ந்திருக்கும் என்பதும், மூலைவாட்டில் வெட்டிய முக்கோணங்களில் பாதி தலைகீழாகத் திரும்பித்தான் பெசாக்காகும் என்பதும் வெட்டும்போது எனக்கு உறைக்கவில்லை. கடையின் குழல்விளக்கில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. மேடை விளக்கு விழுந்ததும் முன்னும் பின்னும் உள்ள பெசாக் கருஞ்சிவப்பாகவும், மற்றவை வெளிறிய சிவப்பாகவும் தெரிந்து, அரசனின் அங்கி குடை போலக் கோடு கோடாக நின்றது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் அதை ஒரு வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள், தலைமையாசிரியர்கூடப் பாராட்டினார். வெல்வெட்டானால் எல்லா முக்கோணங்களையும் ஒரே திசையில்தான் வெட்ட வேண்டும், துணி கூடுதலாகச் செலவானாலும் வேறு வழியில்லை.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெல்லிய பாலியஸ்டரில் எத்தனை பெசாக் வைத்தாலும் அது காற்றில் பறக்குமே தவிரக் கீழே விழாது. நம் வெயிலிலும் மேடை விளக்கிலும் பிள்ளைகளுக்கு வேர்த்து உடம்போடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். கம்பளி நம் ஊருக்கு ஆகாது. சற்றுக் கனமான பருத்தித் துணியே போதும், ஆனால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்துச் சலவைப் பெட்டி போட்டுவிட வேண்டும். பாவு ஓட்டத்தில் சுருங்குவது வேறு, ஊடை ஓட்டத்தில் சுருங்குவது வேறு. தைத்தபின் நனைத்தால் பெசாக்கும் உடம்பும் இரண்டு விதமாகச் சுருங்கித் தையல் இழுத்துக்கொள்ளும்.

கடைசியாகக் கீழ்மடிப்பு. முக்கோணத்தின் சரிவான ஓரம் அதன் நடு உயரத்தைவிட நீளமானது. 26 அங்குல உயரப் பெசாக்கில் அந்த வேறுபாடு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஆகவே தைத்து முடித்ததும் ஒவ்வொரு பெசாக்கின் இரு மூலைகளும் நாய்க்காது போலக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை அன்றே வெட்டி மடித்துவிடத் தோன்றும், வெட்டக் கூடாது. அங்கியைத் தோள்கட்டையில் மாட்டி ஓர் இரவும் ஒரு பகலும் தொங்கவிட்டால், கிராஸ் பாகங்கள் இறங்க வேண்டிய அளவு இறங்கி நின்றுவிடும். அதன்பின் அணிபவரையே நிற்க வைத்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சாக்கட்டியால் சுற்றிலும் கோடு போட்டு வெட்டி, கையால் எம்மிங் செய்தால் மடிப்பு ஒரே மட்டமாக நிற்கும்.

எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் நாடகத்துக்காக இந்த முறையில் தைத்த எட்டு அங்கிகள் இப்போது என் கடை உத்தரத்தில் நாய்க்காதுகளோடு தொங்கிக்கொண்டிருக்கின்றன. கட்டுரையாளருக்கோ உடை தைக்கப் போகும் ஆசிரியைகளுக்கோ உட்பக்கத் தையலைத் திருப்பிப் பார்க்க விருப்பமிருந்தால், வியாழக்கிழமை மாலைக்குள் வருவது நல்லது. வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகளை வரச் சொல்லியிருக்கிறேன், அன்றே எட்டையும் வெட்டி மடித்துக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தையல்காரி ஒருத்தி,
சுங்கை சிப்புட், பேராக்.